காலி டேங்கர்

நிறைந்த டேங்கருக்குப் பயப்படாதே, காலி டேங்கருக்குப் பயப்படு என்று செம்பூர் மாஹுல் ரோட்டு கராஜ் சந்தில் எல்லோரும் சொல்வார்கள். டீக்கடைக்காரனும் சொல்வான், பஞ்சர் ஒட்டுகிறவனும் சொல்வான். சொன்ன வாய் மூடுமுன்னே அதே காலி டேங்கருக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்துப் பீடி பற்றவைப்பார்கள். புத்தி வாயோடு நின்றுவிடுகிறது, கைக்கு இறங்குவதே இல்லை.

விஷயம் என்னவோ லேசானதுதான். டேங்கர் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. எண்ணெயை இறக்கியபின் அடியில் தங்கின மிச்சம் ஆவியாகி, காற்றோடு கலந்து உள்ளேயே நிற்கும். அதற்கு ஒரு பொறி போதும்.

மதீனா பீவிக்கு இது கேள்விப்பட்ட கதை இல்லை. அவள் கல்யாணமாகித் தாராவிக்கு வந்த மறுவருஷம், அந்தச் சந்தில் ஒரு வெல்டர் காலி பீப்பாயை வெட்டப் போய் மௌத்தாகிப் போனான். அவனைப் போர்வையில் சுற்றி டாக்சியில் ஏற்றியவன் அவள் புருஷன் நசீர். வீட்டுக்கு வந்து அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்க அவளுக்குக் கை வரவில்லை. எரித்துவிடலாம் என்றால் தீக்குச்சியைக் கிழிக்கவும் பயம். கடைசியில் குப்பையில் சுருட்டிப் போட்டாள். நசீர் மட்டும் ஒரு வாரத்தில் தேறிவிட்டான். ஆண்பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள், அதுதான் அவர்களிடம் இருக்கிற கோளாறு.

அன்றைக்கு ஜூன் மாதத்துப் பகல். மழை இதோ வருகிறது அதோ வருகிறது என்று போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தாராவியில் அவர்களுடைய ஒற்றை அறைக் கோலியில் தகரக் கூரை காய்ந்து வீடே வெந்தது. காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. மதீனா மோரியில், தண்ணீர் புழங்குகிற மூலையில் உட்கார்ந்து பொம்பில் மீனுக்கு வாலும் தலையும் அரிந்துகொண்டிருந்தாள். மீன் ஆணம் கொதித்து இறக்கியதும் இரண்டு டப்பாவில் கட்டி அனுப்ப வேண்டும், ஒன்று நசீருக்கு, ஒன்று மகன் தௌஃபீக்குக்கு. தௌஃபீக்குக்கு இருபத்திரண்டு வயசு. படிப்பை உதறிவிட்டு வாப்பாவோடு கராஜில் நிற்கிறான். அப்போதுதான் அவன் போன் வந்தது.

"உம்மா, வாப்பா தண்ணி குடிக்கப் போயிருக்காக. வெரசாச் சொல்லுதேன், கேளு. அந்த டேங்கர் கிங் பின் இன்னும் வரல."

"வரலைன்னா விடுங்களேன். ரெண்டு நாளா அதைத்தானே அடிக்கிய."

"விட முடியாது உம்மா. வண்டி நாளைக்கு லோடுக்கு நிக்கணுமாம். வாப்பா கேஸ் சிலிண்டரை எறக்கச் சொல்லிட்டாக."

மதீனாவின் கையிலிருந்த கத்தி மோரியில் விழுந்தது.

லாரியின் முன் ஆக்ஸிலுக்கு இரண்டு முனையிலும் ஒரு கண் உண்டு. அந்தக் கண்ணுக்குள் கைத்தடி கனத்தில் ஓர் இரும்பு முளை இறங்கியிருக்கும். அதுதான் கிங் பின். அதைச் சுற்றித்தான் முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும். கிரீஸ் போடாமல் ஓட்டி, மாஹுல் கழிமுகத்து உப்புக் காற்றும் பட்டால் பின்னும் கண்ணும் துருவேறி ஒரே இரும்பாகிவிடும். மற்ற லாரியாக இருந்தால் கேஸ் விளக்கைக் கண்ணைச் சுற்றிக் காட்டிச் சிவக்க வைத்து, சம்மட்டியால் நாலு போடு போட்டால் முளை இறங்கிவிடும். நசீர் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இறக்கினான். பின் இறக்குவதில் சந்தில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். அந்தப் பெயர்தான் இப்போது எமனாக வந்து நின்றது.

"டேங்கரைக் கழுவியாச்சா?" என்று கேட்டாள்.

"டிரைவர் நகுல் கழுவியாச்சுங்கான்."

"எங்க கழுவுனானாம்?"

"அது தெரியாது. காலையிலேர்ந்து மேல் மூடியைத் தெறந்து போட்டிருக்கோம். வெயிலுக்கு வாடை எல்லாம் மேல போயிருமாம், வாப்பா சொல்லுதாக."

"உனக்கு வாடை அடிக்கா?"

தௌஃபீக் மூக்கை உறிஞ்சிப் பார்த்தது போனில் கேட்டது. "அடிக்கி" என்றான்.

"அப்பம் நீ வெளிய வா. இந்த நிமிஷம் ரோட்டுக்கு வா."

"வாப்பாவ விட்டுட்டா?"

போனை அவரிடம் கொடு என்றாள். நசீர் வந்து பேசும்போதே குரலில் சிடுசிடுப்பு. இரண்டு நாளாகச் சம்மட்டி பிடித்துத் தோள்பட்டை இறங்கிப் போயிருந்தது.

"அவன் உன்கிட்ட ஓதிட்டானா?"

"நீங்க தீ வைக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"நான் என்ன குடிசைக்கா தீ வைக்கேன்? கண்ணைச் சுத்தி ரெண்டு நிமிஷம் காட்டப் போறேன். டேங்க் அங்கன பின்னால இருக்கு. ஈரச் சாக்கு போட்டு மூடியாச்சு."

"இசக்கிதுரை அண்ணன்கிட்ட பின்னை அழுத்தித் தள்ளுற பிரஸ் இருக்குல்லா? நெருப்பே வேண்டாமே."

"துரை அம்பர்நாத்துல தங்கச்சி மக சடங்குக்குப் போயிருக்கான். நேத்துலேர்ந்து போனை எடுக்கல. அவன் இல்லாம அந்தப் பிரஸ் வாசல் தாண்டாது, உனக்குத் தெரியாததா."

"நேத்து மாட்டுங்காவுல ஒண்ணு வாங்குனீங்களே?"

"அதைப் பத்திப் பேசாத."

பேசாமல் என்ன செய்ய. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு கடையில் பளபளவென்று ஒரு பிரஸ் இருந்தது. எந்த லாரிக்கும் பொருந்தும் என்று கடைக்காரன் கையில் அடிக்காத குறையாகச் சொன்னான். கொண்டுவந்து மாட்டிப் பார்த்தால் அதன் வாய் டேங்கர் ஆக்ஸிலுக்குப் பாதிகூட எட்டவில்லை. மினி வேனுக்கு உண்டான சாமான். பிடிவாதமாகப் போல்டைப் போட்டு முறுக்கியதில் அதன் இடுப்பே வளைந்துபோனது. கருவி இருக்கிறது என்பது வேறு, அந்த வேலைக்கு ஆகிற கருவி இருக்கிறது என்பது வேறு.

"நான் போய் துரை அண்ணன் வீட்டுல கேட்டு வாங்கியாரேன்" என்றாள் மதீனா.

நசீர் சிரித்தான். "நீயா? அது என்ன பக்கத்து வீட்டு ஆட்டுரலா?"

"என்னவோ ஒண்ணு. அதுவரைக்கும் தீ வைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

"சாயங்காலம் அஸர் பாங்கு வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல கேட்காத."

அடுப்பை அணைத்தாள். மீனை அப்படியே தண்ணீரில் போட்டு மூடினாள். புர்காவை மாட்டும்போது கை இரண்டு முறை தவறான பக்கத்தில் நுழைந்தது. வெளியே வந்து நாலு எட்டு போனபின்தான் கதவைப் பூட்டவில்லை என்பது நினைவு வந்தது. திரும்பிப் போகவில்லை. திருடன் வந்தால் பொம்பிலைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

இசக்கிதுரையின் வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்தது. மதீனாவின் கோலி இருந்த தொண்ணூறடி ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அவன் மனைவி ரஞ்சனா பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள். பேச்சில் திருநெல்வேலியும் இந்தியும் ஒரே சட்டியில் வேகும். மதீனா போனபோது அவள் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். கடைகளுக்குப் போடுகிற முறுக்கு. எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"வாங்கக்கா. என்ன இந்த வெயில்ல. முறுக்கு தின்னுங்க, இப்பத்தான் எடுத்தேன்."

"முறுக்கு வேண்டாம்ட்டி. உன் மாப்பிள்ளையோட கிங் பின் பிரஸ்ஸக் குடு."

ரஞ்சனாவின் கை அப்படியே நின்றது. "அது நடக்காதுக்கா."

"ஏன் நடக்காது?"

"உங்களுக்குத் தெரியாதா? அவரு கூட வந்தாத்தான் அது போகும். இல்லைன்னா கட்டிலுக்கு அடியிலயே கிடக்கும். அவரோட உசூல் அது. ஒரு தடவை வடாலா பார்ட்டி ஒருத்தன் இவரு இல்லாத நேரம் வந்து, பாபி, துரை பாய் சொல்லிட்டாருன்னு பொய் சொல்லி எடுத்துட்டுப் போயிட்டான். பின் தலையில உக்காருற இரும்புக் கிண்ணத்தை மாத்தி மாட்டி அழுத்தியிருக்கான். கிண்ணம் உடைஞ்சு தெறிச்சு அவன் மிஸ்திரிக்கு ஒரு கண்ணு போயிருச்சு. இவரு மூணு நாள் சோறு திங்கல. நான் குடுத்துவிட்ட தப்புக்கு என்னைத் திட்டவே இல்ல. திட்டியிருந்தா தேவலை."

நெருப்புக்குப் பயந்து ஓடிவந்தால் இங்கே கண் போன கதை. நிலைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரஞ்சனா, நான் சொல்லுததைக் கேளு. அது டேங்கரு. பெட்ரோல் டேங்கரு. அவுக கேஸைப் பத்த வைக்கப் போறாக. என் மவன் அடியில நிக்கான்."

"கழுவலையா?"

"கழுவியாச்சுங்கான் டிரைவர். வாடை அடிக்குங்கான் என் மவன். நான் யாரை நம்ப?"

ரஞ்சனா அடுப்பை அணைத்தாள். சட்டியில் கிடந்த முறுக்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டு மிதந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

"எனக்குப் பயமா இருக்குட்டி" என்றாள் மதீனா. "நான் யார்கிட்டயும் இப்படிச் சொன்னதில்ல. கராஜுக்குப் போற புருஷனைப் பெத்த பிள்ளை மாதிரி தினமும் அனுப்பி வைக்கேன். நீ குடுக்க மாட்டேன்னா நான் வெறுங்கையோட போய் அந்தச் சிலிண்டரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். வேற வழி தெரியல."

"இருங்கக்கா. அழாதீங்க. அவரு போன் எடுக்க மாட்டாரு, வேட்டி மடிப்புல வச்சுட்டு மறந்திருப்பாரு. நாத்தனார் நம்பருக்கு அடிக்கேன்."

நாத்தனார் எடுத்தாள். பின்னால் மேளச் சத்தமும் பெண்கள் குலவையும் கேட்டன. துரையைக் கூட்டிவர ஆள் போனது. ரஞ்சனா ஸ்பீக்கரில் போட்டுப் போனை நடுவில் வைத்தாள். அவன் வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் வைதான். பெண்டாட்டியை வைதான், நசீரை வைதான், டேங்கர் முதலாளியின் ஏழு தலைமுறையை வைதான். வைது முடித்ததும் குரலை இறக்கி ஒன்று கேட்டான்.

"மதீனாக்கா, மேல் மூடியை என்ன செஞ்சிருக்கான்?"

"காலையிலேர்ந்து தெறந்து போட்டிருக்காகளாம். வாடை மேல போயிருமாம்."

அவன் யாரையோ மேளத்தை நிறுத்தச் சொன்னது கேட்டது.

"அண்ணே?"

"அக்கா, பெட்ரோல் ஆவி மேல போகாது. அது காத்தைவிடக் கனம். மூடி வழியா வழிஞ்சு கீழ எறங்கும். இன்னைக்குக் காத்தும் இல்ல. அவன் எங்க படுத்து வேலை பாக்கானோ அங்கனதான் வந்து தேங்கி நிக்கும். மூடியத் தெறந்து வச்சு, கீழ கொட்டி வச்சிருக்கான் இவன்."

தௌஃபீக் 'அடிக்கி' என்று சொன்னது மதீனாவின் காதுக்குள்ளேயே நின்றது.

"பிரஸ்ஸைக் குடுத்துவிடு ரஞ்சனா" என்றான் துரை. "நான் கௌம்பி வந்தாலும் அஸருக்குள்ள வந்து சேர முடியாது. ஆனா ஒண்ணு. பெட்டியில மூணு கிண்ணம் இருக்கும். நடுவுல உளி வச்சு ஒரு கோடு வெட்டியிருக்கேன் பாரு, அது மட்டும்தான் டேங்கருக்கு. மத்த ரெண்டையும் வீட்டுலயே எடுத்து வச்சிரு. கையில இருந்தா அவன் மாட்டிப் பாப்பான். நசீரை எனக்குத் தெரியும். மாட்டுற முன்ன எனக்குப் போன் போடச் சொல்லு. நான் போனை இனிமே கையை விட்டுக் கீழ வைக்க மாட்டேன்."

கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பேரும் பெட்டியை இழுத்தார்கள். ரஞ்சனா மூடியைத் திறந்து கிண்ணங்களை எடுத்துப் பார்த்தாள். இரண்டுதான் இருந்தன. இரண்டிலும் கோடு இல்லை.

"எங்கட்டி அது?"

"இங்கதான்... இருங்க, நான் எங்கயோ பாத்திருக்கேன். டெய்லி பாக்கேன்." ரஞ்சனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கட்டில் மேல் ஏறிப் பரணைத் தடவினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் பார்த்தாள். மதீனா முறுக்கு டப்பாக்களை ஒன்றொன்றாக நகர்த்தினாள். வெளியே ஏதோ ஒரு பள்ளிவாசல் மைக் கரகரத்தது, அவளுக்கு உயிர் போய் வந்தது. பாங்கு இல்லை, யாரோ தொலைந்துபோன பிள்ளையைப் பற்றி அறிவித்தார்கள்.

"பூனை" என்றாள் ரஞ்சனா திடீரென்று.

"என்ன பூனை?"

அவள் அடுக்களை மூலைக்கு ஓடினாள். தயிர்ச் சட்டியை ஒரு தட்டால் மூடி, பூனை தள்ளிவிடாமலிருக்க அதன்மேல் பாரம் வைத்திருந்தாள். அந்தப் பாரம்தான் கிண்ணம். நடுவில் உளிக் கோடு, கோட்டுக்குள் காய்ந்த தயிர். ஐம்பது டன் அழுத்துகிற பிரஸ்ஸின் கிண்ணம் தயிர்ச் சட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். இன்றைக்கு ரஞ்சனா முந்தானையால் துடைத்து மதீனாவின் கையில் திணித்தாள்.

"இதைப் பெட்டியில போடாதீங்கக்கா. கையிலயே வச்சுக்கோங்க."

பக்கத்துக் கோலி ஆட்கள் இரண்டு பேர் பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஏறும் முன்னே மதீனா தௌஃபீக்குக்குப் போன் செய்தாள்.

"மூடிய மூடுங்கலே. ஆவி மேல போகாதாம், கீழதான் எறங்குமாம். துரை அண்ணன் சொன்னாக. நீங்க நிக்கிற எடத்துலதான் தேங்கி நிக்குமாம். கேட்டுதா?"

மறுமுனையில் சத்தமே இல்லை. சம்மட்டிச் சத்தமும் இல்லை.

"தௌஃபீக்கு?"

"கேட்டுது உம்மா" என்றான். "மூடிருதோம்."

"பிரஸ் கெடச்சிருச்சு. நான் வந்துகிட்டே இருக்கேன். வாப்பாட்ட சொல்லு, நான் வார வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாது."

"சரி உம்மா."

ஆட்டோ சயானில் போய் நின்றுகொண்டது. பாலத்தை உடைத்துப் போட்டதிலிருந்து அங்கே எறும்பு ஊர்கிற வேகம்தான். முன்னால் ஒரு டேங்கர், பக்கத்தில் ஒரு டேங்கர். மும்பையில் இத்தனை டேங்கர் ஓடுகிறது என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. ஒவ்வொன்றின் முதுகிலும் நெருப்புப் படம் போட்ட சிவப்புப் பலகை. கிண்ணத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினாள். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

சுன்னாபட்டி தாண்டியதும் ஆட்டோக்காரன் ஒரு பீடியை வாயில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்தான்.

"பீடி மத் ஜலாவ்" என்று மதீனா அலறினாள். அவன் பயந்துபோய்ப் பீடியையும் தீப்பெட்டியையும் சேர்த்து ரோட்டில் எறிந்துவிட்டான்.

"க்யா ஹுவா மௌசி? பெட்டியில் பாம் இருக்கா?" என்று இந்தியில் கேட்டான்.

"இல்லப்பா" என்றாள். கராஜ் இன்னும் எவ்வளவோ தூரத்தில் இருக்கிறது, இங்கே பீடி பிடித்தால் என்ன என்று அவளுக்கே அப்புறம்தான் உறைத்தது.

செம்பூர் வந்ததும் அவள் மாஹுல் பக்கத்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். புகை தெரிந்தது. பிறகு ஞாபகம் வந்தது, அங்கே வருஷம் முந்நூற்றறுபத்தைந்து நாளும் ஏதாவது ஒரு சிம்னி புகைந்துகொண்டுதான் இருக்கும். இது அந்தப் புகைதானா? கொஞ்சம் கறுப்பாக இருக்கிறதே. இடது பக்கம் தள்ளி இருக்கிறதே. இத்தனை வருஷத்தில் அந்தப் புகையை ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால் இன்றைக்கு வித்தியாசம் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. ஆட்டோ திரும்பத் திரும்பப் புகையும் இடம் மாறியது. சந்து முனையை எட்டி, தகரக் கொட்டகைகள் அதது அதனதன் இடத்தில் நிற்பதைப் பார்த்தபின்தான் மூச்சு வந்தது.

டேங்கர் மரக்கட்டைகளின் மேல் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்சக்கரம் கழன்று கிடந்தது. மேல் மூடி மூடியிருந்தது. நசீர் சுவரோரம் குந்தியிருந்தான். பக்கத்தில் கேஸ் சிலிண்டர்கள் சாத்தி வைத்திருந்தன. தௌஃபீக் தலையைக் குனிந்து கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேருக்கும் தலையும் காலும் இருந்தன. அவளுக்கு அது போதும்.

"கொண்டுவந்துட்டியே" என்றான் நசீர். குரலில் சிடுசிடுப்பு போயிருந்தது. "துரை பெண்டாட்டி எப்படிக் குடுத்தா?"

"கேட்டேன், குடுத்தா. இந்தாங்க கிண்ணம். வேற எதையும் மாட்டக் கூடாது. முதல்ல அவுகளுக்குப் போன் போடுங்க."

துரை போனில் ஒவ்வொன்றாகச் சொன்னான். தௌஃபீக் போனைப் பிடித்துக்கொள்ள, நசீர் பிரஸ்ஸின் இரும்புக் கைகளை ஆக்ஸிலின் மேலும் கீழுமாகக் கொடுத்துப் பூட்டினான். கிண்ணம் பின்னின் தலையில் கணக்காக உட்கார்ந்தது. ஒருவரும் அதற்கு நேர் எதிரில் நிற்கக் கூடாது, பக்கவாட்டில் நின்றே பம்ப் அடிக்க வேண்டும் என்று துரை நாலு முறை சொன்னான். வேடிக்கை பார்க்க வந்த நகுலையும் மற்றவர்களையும் நசீர் விரட்டினான். மதீனாவையும் விரட்டினான்.

"நீ ரோட்டுக்குப் போ. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குது."

"தௌஃபீக்கும் வரட்டும்."

"அவன் இல்லாம யாரு பம்ப் அடிக்க? என் தோளைப் பாத்தியா?"

அவள் சந்து முனையில் கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வண்டிக்காரன் அவள் முகத்தைப் பார்த்து ஒரு ஸ்டூலை நகர்த்தினான். உட்காரவில்லை. சந்துக்குள் பம்ப் சத்தம் 'கிரீச் கிரீச்' என்று கேட்டது. பிறகு மெதுவானது. பிறகு ஒவ்வொரு அடிக்கும் நடுவில் நீளமாக இடைவெளி விழுந்தது. பள்ளிவாசலில் அஸர் பாங்கு தொடங்கியது. அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அப்போது வெடித்தது.

அந்தச் சத்தம் தகரங்களையெல்லாம் உதறியது. காக்கைகள் கூட்டமாகக் கிளம்பின. கரும்பு வண்டிக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். மதீனா ரோட்டில் சப்பையாகப் பிழிந்து போட்டிருந்த கரும்புச் சக்கை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் பார்க்க வேண்டியிருக்கும். நான்தான் கொண்டுவந்தேன், என் கையால்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்பது மட்டும் நெஞ்சில் ஓடியது. பாங்கு நிற்கவில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குள்ளே வேறொரு சத்தமும் வந்தது. யாரோ சிரித்தார்கள். சந்துக்குள் ஆண்கள் கூட்டமாகச் சிரித்தார்கள்.

கரும்பு வண்டிக்காரன்தான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். "பின் நிகல் கயா, மௌசி" என்றான். பின் கழன்று வந்துவிட்டதாம். அவன் இந்தச் சந்தில் எத்தனையோ பின் இறங்கின சத்தம் கேட்டவன். துருப்பிடித்த பின் அத்தனை அழுத்தத்தில் விடும்போது துப்பாக்கி வெடித்த மாதிரிதான் விடும். ரஞ்சனாவுக்கும் அது தெரியும், துரைக்கும் தெரியும். மதீனாவுக்குத் தெரியாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் உள்ளே போனபோது நகுல் அந்த முளையைக் கையில் ஏந்தி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். டீ வந்திருந்தது. நசீர் போனில் துரையோடு சிரித்துப் பேசினான். மதீனா யாரையும் பார்க்காமல் டேங்கரின் முன்னால் போய்க் குனிந்தாள். இத்தனை பாடு படுத்திய கண் எது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

ஆக்ஸிலின் அந்த முனையில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கரி. இரும்பு ஒரு வட்டத்துக்கு நீலம் பாரித்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் வெதுவெதுப்பு போகவில்லை.

எழுந்து திரும்பினாள். "எப்பம் வச்சீங்க?"

நசீர் போனை இறக்கினான். "என்னது?"

"தீ."

"அட, அதுவா. சும்மா ரெண்டு நிமிஷம் காட்டிப் பாத்தோம். நீ பிரஸ் கெடைக்காம வெறுங்கையோட வருவன்னு நெனச்சேன். அந்தச் சூடு வச்சதுனாலதான் இப்பம் பிரஸ்ஸுக்கு லேசா விட்டுச்சு, துரைகிட்டயே கேளு. ஒண்ணும் ஆகலைல்லா?"

"அஸர் வரைக்கும் பாக்கேன்னு சொன்னீங்க."

"ஒண்ணும் ஆகலைங்கேன்லா."

"மூடி தெறந்துதானே கெடந்துச்சு? நான் மூடச் சொல்லிப் போன் போடுறதுக்கு முன்னாலதானே?"

நசீர் மேல் மூடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். அவள் ரஞ்சனா வீட்டில் முறுக்கு டப்பாவை நகர்த்திக்கொண்டிருந்தபோது, பூனை, தயிர்ச் சட்டி என்று தேடிக்கொண்டிருந்தபோது, இங்கே இவர்கள் நெருப்பை ஏற்றி அணைத்தும் முடித்துவிட்டார்கள். அவள் சயானில் ஓதின ஓதலெல்லாம் நடந்து முடிந்ததற்காக ஓதினது. ஒரு மூச்சளவு ஆவி ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்ந்திருந்தால் அவள் ஆட்டோ ஏறுவதற்கு முன்னாலேயே எல்லாம் தீர்ந்திருக்கும். நகரவில்லை. ஏன் நகரவில்லை என்பதை அவள் மட்டுமில்லை, எவனும் சொல்ல முடியாது.

"வெளக்கைப் புடிச்சது யாரு?" என்று கேட்டாள். "உங்களுக்குத்தான் தோள் தூக்க முடியாதே."

டீ குடித்தவர்கள் கிளாஸைப் பார்த்தார்கள். தௌஃபீக் கந்தல் துணியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நான்தான் உம்மா" என்றான். "வாப்பா புடின்னாக."

மதீனா திரும்பினாள். சுவரோரம் போனாள். சிலிண்டரின் தலையில் வால்வைத் திருகுகிற சாவி மாட்டியிருந்தது. அதை உருவி எடுத்துப் புர்காவுக்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏளா, அதை எங்க எடுத்துட்டுப் போற?" என்றான் நசீர். "நாளைக்கு வேற வேலை இருக்கு. சாதா லாரி."

"சாதா லாரியா இருந்தா வீட்டுக்கு வந்து கேளுங்க. நான் கூட வந்து, என்ன வண்டின்னு என் கண்ணால பாத்துட்டுத் தருவேன்."

நசீர் சிரிக்கப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆள் தேடிச் சுற்றிலும் பார்த்தான். நகுல் கிங் பின்னை மெதுவாகத் தரையில் வைத்தான்.

தௌஃபீக் அவள் பின்னாலேயே ரோட்டுக்கு வந்தான். "உம்மா, ஆட்டோ பிடிச்சுத் தாரேன், இரு" என்றான். அவள் அவனுடைய வலது கையைப் பிடித்தாள். விளக்கைப் பிடித்த கை. அதில் கிரீஸும் வியர்வையும் கேஸும் கலந்த வாடை அடித்தது. ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரன் எங்கே போக வேண்டும் என்று இரண்டாம் தடவை கேட்டான். அவள் பிடித்த கையை விடாமலே நின்றாள்.